அத்தை படகேறிய கதை

குற்றாலத்துக்குப் போகாதவர்கள் உங்களில் மிகச் சிலர்தான் இருப்பீர்கள். போய் வந்தவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அங்கே என்ன செய்தீர்கள்? அருவிக்கு அடியில் நின்றீர்கள். தலையில் ஆயிரம் பேர் தாளம் போடுவது போல் தண்ணீர் விழ, பக்கத்து அம்மாளின் முழங்கை விலாவில் இடிக்க, மூச்சுத் திணறி வெளியே வந்தீர்கள். ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டீர்கள். மங்குஸ்தான் பழத்துக்குப் பேரம் பேசினீர்கள். பிறகு அடுத்த அருவிக்கு ஓடினீர்கள். இப்படி நாலு நாளும் தண்ணீருக்கு அடியிலேயே நின்றுவிட்டு ஊர் திரும்பினீர்கள் அல்லவா?

தண்ணீருக்கு மேலே போனீர்களா?

நானும் போனதில்லை. என் தகப்பனார் பிறந்த ஊர் தென்காசி. பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் அங்கேதான் கழியும். ஆனாலும் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் வெண்ணமடைக்குளம் என்று ஒன்று இருக்கிறது, அதில் சாரல் காலத்தில் படகு விடுகிறார்கள் என்பதை வண்டியிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. அருவி அழைக்கும்போது குளத்தை யார் லட்சியம் செய்வார்கள்? இந்த ஆடி மாதந்தான் அந்தக் குளத்தில் இறங்கினேன். அதுவும் யாரோடு என்கிறீர்கள்? அத்தையோடு!

அத்தைக்கு வயது 66. தென்காசியை விட்டு அதிகம் வெளியே போகாதவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தைக்கு ஜலத்தில் கண்டம்" என்று சொல்லி, தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போய்விட்டார், கண்டம் தங்கிவிட்டது. சிற்றாறு நடக்கிற தூரத்தில் ஓடுகிறது. தெருப் பெண்களெல்லாம் முங்கி முங்கிக் குளிப்பார்கள். அத்தை மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வாள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு மாமா மட்டும் படகில் போய் வந்தார். அத்தை கரையில் பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாளாம். மாமா இப்போது இல்லை. "அவுக கூப்பிட்டப்பப் போயிருக்கலாம்" என்று எப்போதாவது சொல்வாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

இந்தக் கண்டத்தை அசைத்தது என் ஏழு வயது மகள். படகுத் துறையில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "அத்தைப் பாட்டி, ஜோசியர் எந்தத் தண்ணீர்னு சொன்னாரா? குடிக்கிற தண்ணீரா, குளிக்கிற தண்ணீரா?"

அத்தை யோசித்தாள். ஐம்பத்து நாலு வருஷத்தில் இந்தச் சந்தேகம் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது!

"ஆழமான தண்ணின்னுதான் சொன்னாரு" என்றாள்.

துடுப்போடு நின்றிருந்த படகுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆழம் கம்மிதான் ஆச்சி. வாங்க, நான் இருக்கேன்" என்றார். 'ஆச்சி' என்றது அத்தைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்தாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

* * *

இந்தப் படகுத் துறையை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். காலால் மிதித்துச் செலுத்தும் படகுகள் இருக்கின்றன. துடுப்புப் படகு இருக்கிறது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகிற கயாக்கும் இருக்கிறது. வருஷம் முழுவதும் போனால் கிடைக்காது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்தில் சாரலாகத் தூவி, ஐந்தருவியில் நன்றாகத் தண்ணீர் விழுந்து, குளம் நிரம்பின பிறகுதான் படகு இறங்கும். பருவம் ஏமாற்றினால் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்க வேண்டியதுதான்.

என் மனைவி கல்லூரி நாளில் நீச்சல் கற்றவள். எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் தனியாகப் போகிறேன்" என்று கயாக்கில் ஏறிவிட்டாள். சுடிதார் அணிந்து வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கயாக்கின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. பனிப் பிரதேசத்தில் வாழும் இனுவிட் மக்கள் கடல்நாயின் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, ஆள் நுழைய ஒரு துவாரம் மட்டும் விட்டுச் செய்த வேட்டைப் படகு அது. துடுப்பின் இரண்டு நுனியிலும் இலை உண்டு. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. கனடா நாட்டின் பூர்வ குடிகள் பூர்ச்ச மரப்பட்டையால் செய்ததோ மேலே திறந்த தோணி. அதற்கு ஒற்றை இலைத் துடுப்பு. ஆழமில்லாத ஏரியிலும் அதை ஒட்டிய ஆற்றிலும் புகுந்து புறப்பட இவை இரண்டையும் மிஞ்சின வாகனம் கிடையாது. முழங்காலளவு தண்ணீர் இருந்தால் போதும். தண்ணீர் தீர்ந்துபோனால் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடந்துவிடலாம்.

துடுப்புப் படகு வேறு ரகம். அதில் துடுப்புப் போடுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னேறுகிறார். போகிற இடத்தைப் பார்ப்பதில்லை, விட்டு வந்த இடத்தையே பார்க்கிறார். கயாக்கில் முகம் முன்னால் இருக்கும். இதை அத்தையிடம் விளக்கியபோது, "அப்ப அவ பார்த்துக்கிட்டுப் போறா, நாம பார்க்காமப் போறோம்கிறயா?" என்று பயந்தாள். எனக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

படகு ஏறப் போகிற சகோதரிகளுக்கு இரண்டொரு வார்த்தை. விளிம்பில் கால் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். வைத்தவுடன் உட்கார்ந்துவிடுங்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அதற்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் பூட்டுங்கள். புடவை கசங்குகிறது, போட்டோவில் நன்றாயிராது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்களை அன்றைக்கே நாலு பேரைப் பார்த்தேன். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்களே, நினைவிருக்கிறதா? கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து வந்ததாகச் சொன்னார்கள். மிதவைச் சட்டை அவர்கள் உடம்பில் இல்லை. ஆழமில்லாத குளந்தானே என்ற அலட்சியமும் உதவாது. குளத்தின் அடியில் இருப்பது தரை அல்ல, வண்டல். கால் புதைந்தால் இடுப்பளவுத் தண்ணீரும் விடாது.

அத்தை எல்லாப் பட்டைகளையும் பூட்டிக்கொண்டாள். பிறகு முருகனைக் கூப்பிட்டாள்; பிறகு படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படகு கரையை விட்டது.

* * *

முதல் ஐந்து நிமிஷம் அத்தை தண்ணீரை மட்டுந்தான் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். குற்றால மலையை அருவியின் காலடியிலிருந்து பார்த்தால் பாறைதான் தெரியும். குளத்தின் நடுவில் வந்து திரும்பினால் மலை முழுவதும் எழுந்து நிற்கிறது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கணம் எழுந்திருக்கிறது, மறுகணம் உட்கார்ந்துவிடுகிறது. வெயில் இருக்கும்போதே சாரல் தூவுகிறது. துளிகள் விழுவது தெரியவில்லை. குளத்தின் முகத்தில் புள்ளி விழுவதுதான் தெரிகிறது. மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் இந்த மலையை வைத்துக் குற்றாலக் குறவஞ்சி பாடினதில் ஆச்சரியமே இல்லை. பாடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்!

கரையோரம் கோரைப் புல் அடர்ந்திருந்தது. படகு அருகே போனதும் முக்குளிப்பான் ஒன்று 'டுபுக்'கென்று மூழ்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் தலையை நீட்டியது. என் மகள் அதற்குக் கைதட்டினாள். நீர்க்காகம் ஒன்று கட்டையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது, மாடியில் வேட்டி உலர்த்துவது போல. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் தைமாதம் வந்து இறங்கும் நீர்ப்பறவைகளை 2011 முதல் வருஷா வருஷம் தொண்டர்கள் எண்ணி வருகிறார்கள். விடியற்காலையில் குளக்கரையில் நின்று நாரையை எண்ணுகிற உத்தியோகம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது.

தண்ணீர் வந்து சேரும் வாயின் பக்கம் போகச் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் துடுப்பு சேற்றைத் தொட்டது. பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் தண்ணீருக்குள் எழுந்தது. படகுக்காரர் துடுப்பை எடுத்துவிட்டார். என் மனைவி மட்டும் தன் கயாக்கைக் கோரைகளுக்கு நடுவே செருகி இன்னும் பத்து கஜம் போய், "இங்கே தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது!" என்று கத்தினாள். காலையில் எங்கள் தலையில் விழுந்த அதே ஐந்தருவித் தண்ணீர்தான். அருவியில் ஆர்ப்பாட்டம் செய்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் அடங்கிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தண்ணீரிலேயே படகை விட்டுக்கொண்டு தென்காசிக்குப் போக முடியுமா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனுக்குக் கேள்வி கேட்கக் காசா பணமா?

படகுக்காரர் சிரித்தார். "தண்ணி போகும் சார். படகு போகாது."

அந்த நாலு வார்த்தைக்குள் இந்தச் சீமையின் சரித்திரமே இருக்கிறது. குற்றாலத்துத் தண்ணீரெல்லாம் கடைசியில் சிற்றாறுதான். அது தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது; முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் அந்த இடந்தான். ஆனால் சேரும்வரை அதைச் சும்மா ஓட விடுகிறார்களா? அங்கங்கே அணைக்கட்டு, அணைக்கட்டிலிருந்து கால், காலிலிருந்து குளம். ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்கு. தென்பாண்டிச் சீமையில் ஏரிக்குத்தான் குளம் என்று பேர். குளிக்க வெட்டியதல்ல, நெல்லுக்கு வெட்டியது. வெண்ணமடைக்குளத்தின் பெயரிலேயே மடை இருக்கிறது, கவனித்தீர்களா? நாங்கள் மிதந்துகொண்டிருந்தது யாருடைய வயலுக்கோ போகவேண்டிய தண்ணீரின் மேல்.

இதே மலையின் அந்தப் பக்கம் கதை வேறு. ஆரியங்காவுக்குப் பக்கத்தில் பாலருவியில் விழுகிற தண்ணீர் கல்லடையாற்றில் சேர்ந்து, புனலூர் வழியாகப் போய், கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் கலக்கிறது. செங்கோட்டையிலிருந்து ரயில் ஏறினால் நீங்களும் அந்த வழியாகவே போகலாம். 1904-இல் போட்ட மலைப்பாதை, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. ஆறு காயலில் சேருமிடத்தில் மன்றோத் தீவு. அங்கே தெருவுக்குப் பதில் வாய்க்கால். வாசலில் வண்டிக்குப் பதில் வள்ளம். மூங்கில் கழியை ஊன்றி, தென்னை மரங்களுக்கு நடுவே, தலையைக் குனிந்து பாலங்களுக்கு அடியில் போகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் போயிருந்தேன். அழகைச் சொல்லி முடியாது. ஆனால் ஓதம் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தென்மலையில் அணை வந்த பிறகு ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்து தீவு தாழ்கிறது என்கிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டவர்கள் பலர். அங்கே தண்ணீர் போகமாட்டேன் என்கிறது. இங்கே தண்ணீர் நிற்கமாட்டேன் என்கிறது.

நம் பக்கத்துக் குளங்களில் படகேறும் உரிமை பெரும்பாலும் சுவாமிக்குத்தான். அதுவும் வருஷத்தில் ஒரு நாள் தெப்பத்தில், கயிறு கட்டி இழுக்க. நாமெல்லாம் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அத்தை இதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு கை விளிம்பை விட்டிருந்தது.

* * *

கரை ஏறியதும் அருவிக்குப் போகலாம் என்றாள் என் மகள். ஆனால் மலைமேல் மேகம் கறுத்துவிட்டது. மேலே பெய்கிற மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. காவலர் ஊதல் ஊதினால் சண்டை பிடிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் ஊதலுக்குக் காத்திராமல் ஆட்டோ ஏறினோம்.

தென்காசி போகிற வழியில், ஒரு குளத்துக் கரையோரம் ஆட்டோவுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அதற்கு வைத்தியம் செய்தார். மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அத்தை வயதுதான் இருக்கும். அத்தைக்குப் பேச ஆள் கிடைத்தால் போதாதா?

"எங்கேருந்து வாறீக?" என்றாள் அந்த அம்மாள்.

"ஐந்தருவிக் குளத்துல படகுல போயிட்டு வாறோம்" என்றாள் அத்தை. அந்தக் குரலில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! கண்டமாவது கிண்டமாவது!

"நீங்க தண்ணிக்கு மேல போறீக. நாங்க தண்ணிக்குக் கீழ கெடக்கோம்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. இந்தக் குளத்தின் கீழ் அவளுக்குக் கொஞ்சம் வயல். கார் நெல் நட்டிருக்கிறாள். ஆனி, ஆடிச் சாரலை நம்பிப் போடுகிற பயிர் அது. ஐப்பசி மழையை நம்பிப் போடுவது பிசானம். பிசானம் எப்படியாவது ஏமாற்றாமல் வந்துவிடுமாம். கார்தான் சூதாட்டம். குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே கிடந்தது. முறை வைத்துத்தான் மடையைத் திறக்கிறார்கள். அவள் முறை இனி நாலாம் நாள். மேலே இருக்கிற குளங்கள் நிரம்பி வழிந்தால்தான் இங்கே புதுத் தண்ணீர் வரும்.

"ஆமா, அங்க மறுகா பாயுதா?" என்று கேட்டாள்.

மறுகால் என்பது குளத்தின் உபரி நீர் வழிகிற இடம். கரையில் ஓரிடத்தைத் தாழ்வாக விட்டுக் கல் கட்டியிருப்பார்கள். அந்தக் கல்லைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் கீழே உள்ள ஊருக்குக் கொண்டாட்டம். அவள் கேட்டது என்னை. நான் விழித்தேன். மலையைப் பார்த்தேன், மேகத்தைப் பார்த்தேன், முக்குளிப்பானைப் பார்த்தேன், கயாக்கின் பூர்வோத்தரத்தைச் சொன்னேன். மறுகாலைப் பார்க்கவில்லை. என் மனைவியும் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்றாள் அத்தை. "கல்லுக்கு ஒரு சாண் கொறச்சலா நிக்குது. கல்லு மேல் வரிசை காஞ்சுதான் கெடக்கு."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாளே, அந்தப் பார்வை வீண் போகவில்லை! அவளும் வயற்காட்டு வீட்டில் பிறந்தவள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. என் பாட்டனார் காலையில் எழுந்ததும் முதலில் கேட்கிற கேள்வியும் இதுதானாம்.

"ஒரு சாணா?" என்று அந்த அம்மாள் மலைப் பக்கம் பார்த்தாள். மேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது. வேறொன்றும் சொல்லவில்லை. ஆட்டோ உறுமியது. அத்தை ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை பேசவில்லை.

அன்றிரவு தென்காசியில் மழை அவ்வளவு இல்லை. ஆனால் மலைப் பக்கம் ராத்திரி முழுவதும் மின்னிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை அத்தை எழுந்து திண்ணைக்குப் போய் வந்த சத்தம் கேட்டது.

காலையில் நான் காபி குடிக்குமுன் அத்தை சேலை மாற்றித் தயாராக நின்றாள்.

"எங்கே அத்தை, கோயிலுக்கா?"

"படகுக்குல" என்றாள்.

மேகம் விலகியிருந்தது. முதல் படகில் நாங்கள்தான். அத்தை தானாகவே நடுவில் கால் வைத்து, உட்கார்ந்து, பட்டைகளைப் பூட்டிக்கொண்டாள். முருகனைக் கூப்பிட்டதாக ஞாபகமில்லை. கரையோரமாகப் படகைத் தள்ளச் சொல்லி, கையை நெற்றிமேல் வைத்து எட்டிப் பார்த்தாள். கல் வரிசை தெரியவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வளைந்து, அந்தப் பக்கம் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"நாலு விரக்கடை போகுது" என்றாள் அத்தை.

அரை மணி நேரத்துக்குக் கொடுத்த பணம் பாதி மிச்சமிருந்தது. இன்னொரு சுற்றுப் போகலாமா என்று படகுக்காரர் கேட்டார். வேண்டாம், கரைக்கு விடு என்றுவிட்டாள். ஆட்டோவில் எனக்கு முன்பாக ஏறி உட்கார்ந்து, ஓட்டுநரிடம் சொன்னாள்:

"நேத்து நின்னமே, அந்த மடைக்கிட்ட மொதல்ல நிறுத்துப்பா."